பார்த்தவரும் தொட்டவரும்

நியாய சூத்திரத்தின் மூன்றாம் அத்தியாயம் ஆன்மா உண்டா இல்லையா என்ற வழக்கை எடுத்துக்கொள்கிறது. வேத வாக்கியத்தை முன்வைத்து அது தொடங்குவதில்லை. கண்ணையும் கையையும் முன்வைத்துத் தொடங்குகிறது. ஒரு பொருளைக் கண்ணால் பார்க்கிறோம், பிறகு கையால் தொடுகிறோம், பார்த்ததையேதான் தொடுகிறோம் என்று அறிகிறோம். கண்ணுக்குத் தொடத் தெரியாது, கைக்குப் பார்க்கத் தெரியாது. அப்படியானால் இரண்டையும் ஒரே பொருளைப் பற்றிய அறிவாகச் சேர்த்து வைத்துக்கொள்வது யார்? புலன் எதுவும் அல்ல. ஆகவே புலன்களுக்கு அப்பால் ஒருவர் இருக்கிறார் என்பது வாதம். அடுத்து வரும் சூத்திரங்கள் இன்னும் நெருங்கிப் போகின்றன. இடக்கண் கண்டதை வலக்கண் அடையாளம் காண்கிறதே என்கிறார் நையாயிகர். எதிராளி விடுவதாயில்லை: கண் உண்மையில் ஒன்றுதான், நடுவே மூக்கெலும்பு குறுக்கிடுவதால் இரண்டுபோலத் தோன்றுகிறது என்கிறார். அப்படியென்றால் ஒரு கண் போனபின் மறுகண் எப்படி மிஞ்சுகிறது என்று பதில் வருகிறது. பிறகு புளிப்புப் பழம் வருகிறது. அதைப் பார்த்த மாத்திரத்தில் நாவில் நீர் ஊறுகிறது. பார்த்தது கண், ஊறியது நாக்கு. முன்பு சுவைத்ததை நினைவில் வைத்திருக்கும் ஒருவர் இல்லாமல் கண்ணின் சேதி நாவுக்கு எப்படிப் போகும்? இந்தியத் தத்துவம் என்றாலே கண்ணை மூடி உட்காருவது என்று நினைப்பவர்கள், மூக்கெலும்பும் எச்சிலும் ஆன்மாவுக்குச் சாட்சி சொல்ல வரும் இந்தப் பக்கங்களை ஒருமுறை படிக்கலாம்.

நம்மிடையே ஆன்மிகமும் அறிவியலும் என்று பேச்செடுத்தால் அது இரண்டு தடங்களில்தான் ஓடும். ஒன்று, நம் முன்னோர் அன்றே சொல்லிவிட்டார்கள் என்பது. எந்த முன்னோர் என்று கேட்டால் பேச்சு நின்றுவிடுகிறது. ஆன்மா உண்டு, அது பல என்றவர்களும், ஒன்றுதான் என்றவர்களும், அப்படியொன்று கிடையாது என்றவர்களும், உடம்பு விழுந்தால் எல்லாம் முடிந்தது என்றவர்களும் நம் முன்னோர்தாம். ஒருவர் சொன்னதை மற்றவர் பிழை என்று நிறுவுவதற்காகவே அவர்கள் நூல் எழுதினார்கள். அறிவியல் இவர்களில் ஒருவரை மெய்ப்பித்துவிட்டது என்றால், மற்ற மூவரைப் பொய்ப்பித்துவிட்டது என்றும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். இரண்டாவது தடம் கொஞ்சம் கண்ணியமானது: அறிவியல் புறத்தை அளக்கும், தத்துவம் அகத்தைத் தேடும், இரண்டும் சந்திக்கவே சந்திக்காது என்பது. இது சண்டையைத் தவிர்க்கும்; ஆனால் உண்மையில்லை. பழைய தரிசனங்கள் சில இடங்களில் தங்கள் கொள்கையைக் கண்ணால் காணக்கூடிய ஒன்றின்மேல் துணிந்து ஏற்றி வைத்தன. அந்த இடங்களில் சந்திப்பு நடந்தே தீரும். அங்கே அறிவியல் சான்றிதழ் கொடுப்பதில்லை, விலை கேட்கிறது. கொள்கையை வைத்துக்கொள்ள வேண்டுமானால் வேறு எதை விட்டுக்கொடுக்கிறீர்கள் என்று கேட்கிறது. கண்டதையே தொடுகிறேன் என்ற நியாய வாதம் அப்படிப்பட்ட இடங்களில் மிகத் தெளிவானது.

பௌத்தர்கள் இந்த வாதத்தைச் சும்மா விடவில்லை. வசுபந்து தமது அபிதர்மகோச பாஷ்யத்தின் ஒன்பதாம் பகுதியை முழுக்க ஆன்ம மறுப்புக்கே ஒதுக்கினார். ஆன்மா இல்லையென்றால் நேற்றுக் கண்டதை இன்று நினைப்பது யார் என்று எதிராளி கேட்கிறார். நேற்றைய அறிவு தடம் விட்டுச் சென்ற அதே தொடரில் இன்றைய நினைவு பிறக்கிறது, அவ்வளவுதான் என்பது விடை. அப்படியானால் தேவதத்தன் கண்டதை யக்ஞதத்தன் ஏன் நினைப்பதில்லை? இருவரின் அறிவுத் தொடர்களுக்கும் இடையே காரண காரியத் தொடர்பு இல்லை, அதனால் நினைப்பதில்லை. உரிமையாளர் தேவையில்லை, தொடர்ச்சி போதும் என்பது இதன் சாரம். நையாயிகரான உத்யோதகரர் இதை மறுத்தார். நூற்றாண்டுகள் கழித்து உதயனர் ஆத்ம தத்வ விவேகத்தில் மறுபடி மறுத்தார். தமிழிலும் இந்த வழக்கு நீண்ட காலம் நடந்தது. மணிமேகலையின் சமயக்கணக்கர் காதையில் வரும் பூதவாதி, தாதகிப் பூவும் கட்டியும் சேரும்போது களிப்பு பிறப்பதுபோலப் பூதங்களின் சேர்க்கையில் உணர்வு பிறக்கிறது என்கிறான். காட்சியை மட்டுமே ஏற்பேன் என்று சொல்லும் அவனிடம் மணிமேகலை, உன் தாய் தந்தையரை நீ எந்தப் பிரமாணத்தால் அறிந்தாய் என்று சிரித்துக்கொண்டே கேட்கிறாள். குண்டலகேசிக்கு நீலகேசி விடை சொன்னது. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் பௌத்தரை நான்கு பிரிவாகப் பிரித்து நிறுத்தி வாதிட்டார். அவர் காலத்தில் தமிழகத்தில் பௌத்தம் ஏறத்தாழ ஒடுங்கிவிட்டிருந்தும் அந்த வாதத்தின் சூடு குறையவில்லை. இத்தனை பேரும் வாதிட்டார்களே தவிர, கண்டவரையும் தொட்டவரையும் நிஜமாகவே தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கும் வாய்ப்பு இவர்களில் ஒருவருக்கும் கிடைக்கவில்லை.

அது 1962இல் கிடைத்தது. லாஸ் ஏஞ்சலிஸில் ஜோசப் போகன், பிலிப் வோகல் என்ற இரு அறுவை மருத்துவர்கள், மருந்துக்கு அடங்காத வலிப்பு நோயாளி ஒருவரின் மூளையில் இடப் பாதியையும் வலப் பாதியையும் இணைக்கும் கார்ப்பஸ் கலோசத்தை வெட்டினார்கள். சுமார் 20 கோடி நரம்பிழைகள் கொண்ட பாலம் அது. ஒரு பக்கம் கிளம்பும் வலிப்பு மறுபக்கம் பரவாமல் தடுப்பதுதான் நோக்கம். அது பெருமளவு நிறைவேறியது. நோயாளி எழுந்து நடந்தார், பேசினார், பார்த்தவர்களுக்கு வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. கால்டெக்கில் ரோஜர் ஸ்பெரியும் அவருடைய மாணவர் மைக்கேல் காஸனிகாவும் செய்த சோதனைகளில்தான் விஷயம் வெளிப்பட்டது. நோயாளி திரையின் நடுப்புள்ளியை உற்று நோக்குகிறார். பார்வைப் புலத்தின் இடப் பாதியில் கரண்டி ஒன்றின் படம் கண் நகர்வதற்குள் தோன்றி மறைகிறது. இடப் பாதியில் தெரிவது மூளையின் வலப் பக்கத்துக்குப் போகும். பேச்சு பெரும்பாலும் இடப் பக்கத்தின் வேலை. என்ன பார்த்தீர்கள் என்றால், ஒன்றும் பார்க்கவில்லை என்கிறது வாய். திரைக்கு அடியில் மறைத்து வைத்த பொருள்களைத் துழாவும் இடக்கையோ கரண்டியைச் சரியாக எடுக்கிறது. எடுத்தது என்ன என்று கேட்டால் வாய்க்கு அதுவும் தெரியவில்லை. கண்ணில் படாமல் இடக்கை தடவி அறிந்த பொருளைப் பின்னர் வலக்கையால் தேடி எடுக்கச் சொன்னாலும் முடியவில்லை. இந்த ஆய்வுகளுக்காக ஸ்பெரிக்கு 1981இல் நோபல் பரிசு கிடைத்தது.

இப்போது மூன்றாம் அத்தியாயத்து வாதத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தால், அது நின்ற தரை நழுவியிருப்பது தெரிகிறது. கண்டதையும் தொட்டதையும் ஒருவரே ஒன்றுசேர்க்கிறார். அப்படிச் சேர்ப்பது எந்த உறுப்பின் வேலையும் அல்ல. ஆகவே ஆன்மா உண்டு என்பது வாதத்தின் வடிவம். ஆனால் ஒன்றுசேர்ப்பது ஓர் உறுப்பின் வேலைதான், அந்த உறுப்பை வெட்டினால் சேர்க்கை நின்றுவிடுகிறது என்று கத்தி காட்டிவிட்டது. நையாயிகருக்கு இங்கே இரண்டு தப்பும் வழிகள் உண்டு. நோயாளிகள் சிலரை வைத்து எல்லோரைப் பற்றியும் முடிவுசெய்யலாமா என்பது முதலாவது. இதை அவர் சொல்ல முடியாது. ஒரு கண் இழந்தவரை வைத்து இரு கண்களின் இயல்பை முடிவுசெய்தவர் அவர்தானே. பழுதான இடத்தில்தான் பொறியின் அமைப்பு தெரியும் என்பது அவருடைய முறையே. இரண்டாவது வழி வலுவானது. பழுதானது கருவி, கருவியைக் கையாள்பவர் அல்ல என்று அவர் சொல்லலாம். நியாய மரபில் இதற்கு முன்மாதிரியும் இருக்கிறது: யோகி ஒருவர் தம் வினைகளை விரைவில் அனுபவித்துத் தீர்க்கப் பல உடல்களைப் படைத்துக்கொண்டு, ஒவ்வோர் உடலிலும் தனித்தனி மனத்தைக் கொண்டு, ஒரே ஆன்மாவாக ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் அனுபவிக்கலாம் என்று அந்த மரபு ஏற்கிறது. அறுவைக்குப் பின் நோயாளியின் ஒற்றை ஆன்மாவுக்கு இரண்டு மனங்கள் வாய்த்துவிட்டன என்று சொன்னால் முரண்பாடு தீர்ந்துவிடும். விலை என்ன என்றுதான் பார்க்க வேண்டும். ஒன்றையொன்று அறியாத இரண்டு அறிவுப் புலங்கள் ஒரே ஆன்மாவுக்கு இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டபின், அறிவு ஒன்றுபட்டிருப்பது ஆன்மாவுக்கு அடையாளமாக இருக்க முடியாது. ஒன்றுபட்டிருந்தாலும் ஆன்மா உண்டு, பிரிந்திருந்தாலும் உண்டு என்றால் அந்த அனுமானத்துக்கு ஏது கையிருப்பு? கொள்கை தப்பிக்கிறது, அதை நிறுவிய வாதம் தப்பிக்கவில்லை.

பௌத்தர் கைதட்டுவதற்கு இன்னொரு சோதனையும் உண்டு. 1970களில் காஸனிகாவும் ஜோசப் லெடூவும் பி.எஸ். என்று குறிக்கப்படும் இளம் நோயாளி ஒருவருக்கு இரண்டு படங்களை ஒரே சமயத்தில் காட்டினார்கள். இட மூளைக்குக் கோழியின் கால், வல மூளைக்குப் பனி மூடிய வீட்டின் காட்சி. எதிரே இருந்த படங்களில் பொருத்தமானதைச் சுட்டச் சொன்னபோது வலக்கை கோழியைக் காட்டியது, இடக்கை பனி அள்ளும் மண்வாரியைக் காட்டியது. ஏன் மண்வாரி என்று கேட்டார்கள். பனிக் காட்சியைப் பற்றி வாய்க்கு எதுவும் தெரியாது. ஆனாலும் கணமும் தயங்காமல், கோழிக்கால் கோழிக்குரியது, கோழிக்கூண்டைச் சுத்தம் செய்ய மண்வாரி வேண்டுமே என்றது. தான் செய்யாத காரியத்துக்குச் செய்தவன்போலக் காரணம் சொன்னது. பொய் சொல்கிறோம் என்ற உணர்வு அதற்கு இல்லவே இல்லை. நடந்து முடிந்ததற்கு நான்தான் காரணம் என்று பின்னிருந்து முத்திரை குத்தும் ஒரு பகுதி இட மூளையில் இயங்குகிறது என்று காஸனிகா முடிவுசெய்தார். 1984இல் டெரிக் பார்ஃபிட் ஆள் என்பதன் அடையாளத்தைப் பற்றி எழுதிய பெரிய நூலில் மூளை பிளக்கப்பட்ட நோயாளிகளைச் சான்றாகக் காட்டி, தம் முடிவைப் புத்தரும் ஏற்றிருப்பார் என்று எழுதினார். அது முதல் மேற்கில் அநாத்ம வாதத்துக்கு மூளை அறிவியல் பக்கத்துணை என்பது ஏறத்தாழப் பொதுக்கருத்தாகிவிட்டது.

எனக்கு அந்த அவசரம் சரியாகப் படவில்லை. 2017இல் யாயிர் பின்டோவும் அவருடைய குழுவினரும் இதே அறுவை செய்துகொண்ட இருவரைச் சோதித்து பிரெயின் என்ற ஆய்விதழில் வெளியிட்ட முடிவு பழைய சித்திரத்தைக் கலைத்துப் போட்டது. பார்வைப் புலத்தில் எந்தப் பக்கம் உருவம் தோன்றினாலும், அது தோன்றியது என்றும் இன்ன இடத்தில் என்றும் அவர்கள் இடக்கை, வலக்கை, வாய் மூன்றாலும் சரியாகவே சொன்னார்கள். உள்ளே இரண்டு பேர் உட்கார்ந்திருந்தால் இப்படி வராது. அதேசமயம் இடப் பக்கத்தில் ஒன்றையும் வலப் பக்கத்தில் ஒன்றையும் காட்டி இரண்டும் ஒன்றா வேறா என்று கேட்டால் அவர்களால் சொல்ல முடியவில்லை. காணும் புலம் பிளந்திருக்கிறது, பதில் சொல்பவர் ஒருவராகவே இருக்கிறார் என்பது பின்டோ குழுவின் வாசிப்பு. காஸனிகா தரப்பினர் இதை ஏற்கவில்லை; ஒரு பாதி உடல் அசைவுகளின் வழியாக மறுபாதிக்குச் சாடை காட்டிவிடுகிறது, அதைத்தான் ஒருமை என்று மயங்குகிறார்கள் என்றார்கள். வழக்கு முடியவில்லை. நம் பழைய வாதிகளுக்கு இதில் ஆளுக்கொரு சங்கடம் இருக்கிறது. இதையும் அதையும் ஒப்பிட்டு ஒன்றென்று அறிவதே ஆன்மாவின் அடையாளம் என்றார் நையாயிகர். அந்த ஒப்பீடுதான் இங்கே காணாமல் போயிருக்கிறது. காரணத் தொடர்ச்சி இருந்தால் ஒருமை தோன்றும், அறுந்தால் தோன்றாது என்றார் வசுபந்து. பெரிய பாலம் அறுந்தும் ஏதோ ஓர் ஒருமை நிற்கிறது. மூளையின் அடித்தளத்தில் வெட்டப்படாத இணைப்புகள் பல இருப்பதால் பௌத்தருக்கு விடை கிடைக்கலாம். ஆனால் எவ்வளவு தொடர்பு இருந்தால் ஒரு தொடர், எவ்வளவு குறைந்தால் இரண்டு என்று அவர் அளவு சொல்லியாக வேண்டும். தேவதத்தனும் யக்ஞதத்தனும் முழுதாகப் பிரிந்திருந்த வரைக்கும் அந்தக் கேள்வி எழவில்லை.

இவ்வளவும் எங்களைத் தொடாது என்று ஒதுங்கி நிற்க வழியுள்ளவர்கள் சாங்கியரும் வேதாந்தியரும் சைவ சித்தாந்திகளும். மனம் வேறு சடம் வேறு என்பது ஐரோப்பாவில் தெகார்த் போட்ட கோடு. இவர்கள் கோடு போட்டது வேறோர் இடத்தில். மனம், புத்தி, அகங்காரம் எல்லாமே சடத்தின் பக்கம்; சித்தாந்தம் சித்தத்தையும் சேர்த்து அந்தக்கரணம் நான்கு என்று எண்ணி, முப்பத்தாறு தத்துவங்களையும் அறிவற்றவை என்று ஒரே தட்டில் வைக்கிறது. எண்ணுவதும் முடிவெடுப்பதும் நான் என்று எழுவதும் மூளையின் வேலை என்று இன்றைய ஆய்வாளர் சொன்னால் சாங்கியர் பதறப்போவதில்லை. இது உண்மையிலேயே பெரிய வசதி; மனத்தை ஆன்மாவாக எடுத்துக்கொண்ட மேலை மரபுகளுக்கு இது வாய்க்கவில்லை. அடிபட்ட மூளையோடு மாறிப்போன ஒரு மனிதரின் குணத்தைப் பார்த்து இவர்கள் தத்துவம் கலங்க வேண்டியதில்லை.

வசதியிலும் வேறுபாடு உண்டு. மெய்கண்டார் சிவஞான போதத்தின் மூன்றாம் சூத்திரத்தில் உடலை மாயையால் ஆன இயந்திரம் என்றே சொல்லி, அதற்குள் ஆன்மா உண்டென்பதற்குக் காரணங்களை அடுக்குகிறார். என் உடல் என்கிறோமே என்பது ஒன்று; உறக்கத்தில் உடல் கிடக்கிறது, உண்பதும் செயல்படுவதும் இல்லையே என்பது ஒன்று; உணர்த்தினால்தானே உணர்கிறது என்பது ஒன்று. கடைசியாகச் சொன்னதுதான் கவனிக்கத்தக்கது. சித்தாந்தத்தின் ஆன்மா தானாக எரியும் விளக்கு அல்ல. கருவிகள் கூடாத கேவல நிலையில், ஆணவ இருளில், அது எதையும் அறியாது. மயக்க மருந்து செலுத்திய நோயாளிக்கு இடையில் கழிந்த மணிகள் அடியோடு இல்லாமல் போவதை இந்தக் கொள்கையோடு வைத்துப் பார்க்கலாம், முரண்பாடு எழாது. அத்வைதிக்கு அங்கே கொஞ்சம் சிக்கல். கனவற்ற உறக்கத்திலும் சாட்சி விழித்திருக்கிறது, சுகமாகத் தூங்கினேன், ஒன்றும் அறியவில்லை என்று எழுந்தபின் சொல்வதே சான்று என்பது அவர் வாதம். அது நினைவல்ல, எழுந்தபின் செய்யும் அனுமானம் என்று நையாயிகர் அப்போதே மடக்கினார். அத்வைதி தரப்பை அறிவியல் முற்றாகத் தள்ளிவிடவுமில்லை: கனவற்ற உறக்கத்தில் உணர்வு முழுதும் அணைந்துவிடுகிறது என்று தீர்மானிப்பது அவசரம் என்று ஜெனிஃபர் வின்ட், டோர் நீல்சன், எவன் தாம்ப்சன் மூவரும் 2016இல் எழுதினார்கள், தாம்ப்சன் அந்தப் பழைய உறக்க விவாதத்தை நன்றாகப் படித்தவர். ஆனால் உறக்கத்தில் மங்கலாக ஏதோ மிஞ்சுகிறது என்பதற்கும் என்றும் மாறாத சாட்சி ஒன்று இருக்கிறது என்பதற்கும் தூரம் அதிகம்.

எல்லா அளவைக்கும் அப்பாற்பட்ட சாட்சி என்று ஒன்றை ஒருவர் கொள்ளலாம். அதில் தவறில்லை. அப்படிக் கொண்டவர் அளவையின் ஆதரவையும் கேட்க முடியாது என்பதுதான் என் வாதம். சோதனை எதிராக வந்தால் அது மனத்தைப் பற்றியது, ஆன்மாவைத் தீண்டாது என்பார்கள். எர்வின் ஷ்ரோடிங்கர் 1944இல் எழுதிய உயிர் பற்றிய நூலின் பின்னுரையில் உபநிடதத்தை மெச்சியிருக்கிறார் என்றால் அறிவியலே ஒப்புக்கொண்டது என்பார்கள். ஷ்ரோடிங்கர் அதை இயற்பியல் முடிவாக எழுதவில்லை, தம் சொந்தக் கருத்தென்று பிரித்துச் சொல்லியே எழுதினார். தலை விழுந்தால் எனக்கு, பூ விழுந்தால் ஆட்டம் செல்லாது என்று காசு சுண்டுபவரிடம் யார் விளையாடுவார்கள்?

இன்னொரு தடை எழுப்பப்படுவதுண்டு. இவையெல்லாம் உலகைப் பற்றிய விவரங்கள் அல்ல, விடுதலைக்கான உபாயங்கள். மருந்தை ஆராய்வது போதும், மருந்துச் சீட்டின் இலக்கணத்தை ஏன் ஆராய வேண்டும் என்பார்கள். புத்தரே வீண் கேள்விகளை விலக்கினார் என்றும் சொல்வார்கள். ஆனால் இந்தத் தரிசனங்கள் எல்லாவற்றிலும் விடுதலை அறிவால் வருகிறது. அறிவு என்றால் உள்ளதை உள்ளபடி அறிவது. சாங்கிய காரிகையின் 64ஆம் செய்யுள், நான் இல்லை, எனதில்லை என்று ஐயமறத் தெளிவதையே விடுவிக்கும் அறிவாகச் சொல்கிறது. பிழையான செய்தியை உள்ளபடி அறிந்து ஒருவர் விடுதலை அடைய முடியாது. ஆகவே உபாயம் என்று சொல்லி விவரத்திலிருந்து தப்ப இயலாது.

விடுதலையின் பக்கம் வரும்போது பௌத்தரின் புதிய நண்பர்கள்தாம் அதிகம் தடுமாறுகிறார்கள். நான் என்பது மூளை கட்டும் தோற்றம் என்று தெரிந்துவிட்டது, புத்தர் சொன்னதும் அதுதானே என்கிறார்கள். ஆனால் நான் என்ற உணர்வு கழன்றுபோவதை நோயாக அனுபவிப்பவர்கள் மனநல மருத்துவமனைகளில் இருக்கிறார்கள். தன் குரல் தனதல்ல, தன் கை தனதல்ல, தன் வாழ்க்கையைக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று வேறு யாரோ பார்ப்பதுபோலிருக்கிறது என்பார்கள். அவர்கள் விடுதலை அடைந்தவர்கள் அல்லர். அந்த உணர்வு திரும்பி வர வேண்டும் என்று தவிப்பவர்கள். பாலி மரபுக்கு இந்த வேறுபாடு தெரியும். சம்யுத்த நிகாயத்தில் கேமகர் என்ற துறவியின் கதை இருக்கிறது. கோசாம்பியில் அவர் கடும் நோயில் கிடக்கிறார். மூத்த துறவிகள் தாசகர் என்பவரைத் தூது அனுப்பி நலம் கேட்கிறார்கள். பிறகு, மனிதரை ஆக்கும் ஐந்து கந்தங்களில் எதையாவது நான் என்றோ எனது என்றோ கொள்கிறீரா என்று கேட்கிறார்கள். எதையும் கொள்ளவில்லை என்கிறார். அப்படியானால் நீர் விடுதலை பெற்ற அருகன்தானே என்று மறுபடி தூது. இல்லை என்கிறார். எதையும் நான் இது என்று கொள்ளாவிட்டாலும், நான் இருக்கிறேன் என்ற எண்ணம் இன்னும் போகவில்லை என்கிறார். தாசகர் நடந்து நடந்து ஓய்ந்தபின் கேமகர் கோலை ஊன்றிக்கொண்டு தாமே எழுந்து வந்து விளக்கம் சொல்கிறார். அந்த விளக்கத்தைக் கேட்ட அறுபது மூத்தவர்களும் சொன்ன கேமகரும் அங்கேயே விடுதலை பெற்றதாக சூத்திரம் முடிகிறது. மூளை ஆய்வைப் படித்து நான் என்பது கட்டுமானம் என்று ஒப்புக்கொண்டவர் கேமகரின் முதல் பதிலுக்கு வந்து சேர்ந்திருக்கிறார். இரண்டாவது பதிலுக்கும் அதற்கும் இடையில்தான் பௌத்தத்தின் முழு வேலையும் கிடக்கிறது.

நையாயிகரின் விடுதலை இதற்கு நேர் எதிர்க்கோடி. ஆன்மாவுக்காக இவ்வளவு வாதாடியவர்கள், முத்தியில் அந்த ஆன்மாவுக்கு இன்பமும் இல்லை துன்பமும் இல்லை அறிவும் இல்லை என்று முடித்தார்கள். கல்லாகக் கிடப்பதற்கா இத்தனை தர்க்கம் என்று நைஷத காவியத்தில் ஸ்ரீஹர்ஷர் நியாய சூத்திரத்தின் ஆசிரியரான கோதமரைக் கேலி செய்தார். கேலிக்குரிய நேர்மை என்றே எனக்குத் தோன்றுகிறது. துன்பம் அறவே நிற்க வேண்டும் என்றால் அறிபவரின் அறிவும் நிற்க வேண்டும் என்ற இடம்வரை அவர்கள் கணக்கைப் போட்டுப் பார்த்தார்கள்.

பௌத்தம் தன்னை ஆய்வுக்கூடத்துக்கு உட்படுத்திய அளவுக்கு நம் காலத்தில் வேறெந்த மரபும் உட்படுத்தவில்லை. பௌத்தத்தின் கூற்று ஒன்று பொய்யென்று அறிவியல் உறுதியாகக் காட்டினால் அதைக் கைவிட வேண்டும் என்று தலாய் லாமா 2005இல் வெளிவந்த தம் நூலில் எழுதினார். முடிவுகள் அவ்வளவு சாதகமாக இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். இறந்தபின்னும் தியான நிலையில் நீடிப்பதாக நம்பப்படும் திபெத்தியத் துறவிகளின் உடல்களில் மூளை மின்னலைகளைத் தேடி 2021இல் வெளியான ஆய்வில் எதுவும் கிடைக்கவில்லை. ஜோன் கபாட்-ஸின் 1979இல் மாசச்சூசெட்ஸில் தொடங்கிய எட்டு வாரத் தியானப் பயிற்சி மூளையின் அமைப்பையே மாற்றிவிடுகிறது என்று ஊர் முழுக்கப் பரவிய செய்தியை 2022இல் பெரிய அளவில் சோதித்தபோது மாற்றம் தென்படவில்லை. ஒன்று மட்டும் ஓரளவு நிற்கிறது. நெடுங்காலம் தியானம் பழகியவர்களின் தோலில் சூடு வைத்துச் சோதித்த 2010ஆம் ஆண்டின் ஆய்வில், வலியின் கடுமையைப் பிறரைப் போலவே சொன்ன அவர்கள், ஒருவகைத் தியானத்தில் இருந்தபோது அந்த வலி தங்களைத் தொந்தரவு செய்த அளவைக் குறைவாகச் சொன்னார்கள். வலி ஓர் அம்பு, வலியைக் குறித்த புலம்பல் இரண்டாம் அம்பு, பழகியவருக்கு முதல் அம்பு மட்டுமே தைக்கும் என்று பாலி சூத்திரம் ஒன்று சொல்வதோடு இது பொருந்துகிறது. விடுதலை என்று இதைச் சொல்ல முடியாது. குறைவதற்கும் அற்றுப்போவதற்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று எந்தக் கருவியும் சொல்லாது, மறுபிறப்பு நிற்பதைப் பற்றியோ பேச்சே இல்லை. ஆனாலும் இது ஒரு தொடக்கம்.

இதிலிருந்து செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. ஆன்மா இல்லை என்று உறுதியாக நம்பும் தேரவாதத் துறவி, எல்லாம் ஒரே ஆன்மா என்று நம்பும் அத்வைதி, தான் இறைவனுக்கு அடிமை என்று நம்பும் சைவ அடியார் மூவரும் முப்பது ஆண்டு ஒழுங்காகப் பழகியவர்கள் என்று வைத்துக்கொள்வோம். மூவருக்கும் இரண்டாம் அம்பு ஒரே அளவில் குறைந்திருந்தால், குறைத்தது பயிற்சியே தவிர ஆன்மாவைப் பற்றிய கொள்கை அல்ல என்றாகும். எங்கள் மரபில் இதில் என்ன இழப்பு என்று அத்வைதி சிரித்துவிட்டுப் போகலாம். அடியார் அருள் என்று சொல்லலாம். வசுபந்துவுக்கு அந்த வழி அடைபட்டிருக்கிறது. ஒன்பதாம் பகுதியை அவர் தொடங்குவதே, இந்தப் போதனைக்கு வெளியே விடுதலை கிடையாதா என்ற கேள்வியோடு. கிடையாது என்று உடனே விடை சொல்கிறார். காரணமும் சொல்கிறார்: மற்றவர்கள் எல்லோரும் ஆன்மா உண்டென்ற பொய்க் காட்சியைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.